சென்னையில் எலி வளையாவது எட்டுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்து ஒப்பித்தோம். முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்து விடுகிறோம். நியாய விலைக் கடையில் அரிசி கிடைக்கிறது. தீபாவளிக்கு ஒரு புதுத் துணியும் வந்து விடுகிறது. மூன்றாவதாகச் சொன்ன உறையுள்தான் மனிதனை ஆட்டிப் படைக்கிறது. கிராமத்தில் இருக்கும் வரை இதன் கொடுமை தெரிவதில்லை. நகரத்துக்குப் பிழைக்கப் போன பிறகுதான் தெரிகிறது.

இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த சித்திரையில் என் அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள். அண்ணன் டிப்ளமா படித்து விட்டு மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கையில் வாங்கும் சம்பளம் 24,000 ரூபாய். பெண் வீட்டார் எல்லாவற்றுக்கும் சம்மதித்து விட்டுக் கடைசியில், “பையனுக்கு மெட்ராசுல சொந்த வீடு ஏதாச்சும் இருக்குதா?” என்று ஒரு கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கள் வீட்டை ஒரு மாதம் தூங்க விடவில்லை. என் அப்பா கொத்தனார். இருபது ஆண்டுகளாகச் சென்னையில் பிறருக்கு வீடு கட்டிக் கொடுப்பவர். “60 சென்ட் நெலத்த வித்துப்புட்டு ஒரு பிளாட் வாங்கிடலாமா?” என்றார் அவர். அம்மா கூடாது என்றார். இருவரும் என் பக்கம் திரும்பி, “நீதான படிக்கிற, கணக்குப் போட்டுச் சொல்லு பாப்பா” என்றார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நுண்கணிதம் தெரிந்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று அவர்கள் நினைப்பதில் தவறில்லை. கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விளக்குகிறேன்.

சதுர அடி என்னும் அளவுகோல்

கிராமத்தில் நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுவோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. சென்னையில் மனையைக் கிரவுண்டு கணக்கில் பேசுகிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை சென்ட். அடுக்குமாடி வீட்டைப் பேசும்போது வெறும் சதுர அடிதான். விளம்பரப் பலகையில் ‘800 சதுர அடி’ என்று போட்டிருந்தால் அவ்வளவும் வீட்டுக்குள் இருக்கும் என்று நம்பி விடக் கூடாது. சுவரின் கனம், படிக்கட்டு, லிப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் ஒரு பங்கைச் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. அதற்குச் சூப்பர் பில்ட்-அப் என்று பெயர். பாய் விரித்துப் படுக்கக் கூடிய இடத்துக்குக் கார்ப்பெட் ஏரியா என்று பெயர். இரண்டுக்கும் நடுவில் கால் பங்கு காணாமல் போவது சாதாரணம். 2016-ஆம் ஆண்டு வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்கிறது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அதே கட்டடத்துக்கே செலவிட வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஆவணத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத்தான் அதனால் பயன்.

விலை எங்கிருந்து வருகிறது?

வீட்டு விலை ஏன் இவ்வளவு என்று கேட்டால், சிமென்ட் விலை ஏறி விட்டது, கம்பி விலை ஏறி விட்டது, ஆள் கூலி ஏறி விட்டது என்பார்கள். ஆள் கூலி என்று சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். அப்பாவுக்கு நாள் கூலி 1,000 ரூபாய். மாதத்தில் 22 நாள் வேலை கிடைத்தால் நல்ல மாதம். மழைக் காலத்தில் அதுவும் இல்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். புறநகரில் மனை விலை சதுர அடி 3,000 ரூபாய் என்றும், நகரின் நடுவில் 15,000 ரூபாய் என்றும் வைத்துக் கொள்வோம். 2019-ஆம் ஆண்டின் கட்டட விதிகளின்படி, உயரம் குறைந்த சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது ஒரு கிரவுண்டு மனையில் எல்லா மாடிகளையும் சேர்த்து 4,800 சதுர அடி கட்டலாம். முன்பு இது ஒன்றரை மடங்காக இருந்தது. ஆகவே கட்டடத்தின் ஒவ்வொரு சதுர அடியும் அரைச் சதுர அடி மனையைச் சுமக்கிறது. புறநகரில் அந்தச் சுமை 1,500 ரூபாய், நகரின் நடுவில் 7,500 ரூபாய். கட்டும் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால், புறநகரில் மொத்தம் 4,000, நகரின் நடுவில் 10,000. இதற்கு மேல்தான் கட்டுமானக்காரரின் வட்டி, அனுமதிச் செலவு, இலாபம் எல்லாம்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், 2,500 ரூபாய் இரண்டு இடத்திலும் மாறவில்லை. அண்ணா நகரில் பூசினாலும் ஊரப்பாக்கத்தில் பூசினாலும் அப்பாவுக்குக் கூலி ஒன்றுதான். செங்கல்லும் ஒன்றுதான். மாறுவது மண் மட்டுமே. மண்ணின் விலையை ஏற்றியவர் யார் என்று பார்த்தால் மண்ணுக்கு உரியவர் எதுவும் செய்திருக்க மாட்டார். சாலை போட்டது அரசு, குழாய் பதித்தது மாநகராட்சி, மின்சார இரயிலும் மெட்ரோவும் விட்டது மக்கள் வரிப் பணம். அந்த உயர்வு முழுவதும் பட்டாவில் பெயர் உள்ளவருக்குப் போய்ச் சேர்கிறது.

சென்னைக்கு வேறொரு சங்கடமும் உண்டு. கிழக்கே கடல். மற்ற ஊர்கள் நான்கு திசையிலும் வளரும். சென்னை மூன்று திசையில்தான் வளர முடியும். அந்த மூன்று திசையிலும் ஏரியும் சதுப்பு நிலமும். தியாகராய நகரே 1920-களில் மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்து எழுந்த ஊர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிய கதை யாவரும் அறிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அப்பாவோ, “மலிவா கெடச்சுதுன்னு வாங்குனாங்க. ஏன் மலிவுன்னு யாரும் கேக்கல” என்றார். அது இன்றும் காதில் இருக்கிறது.

அரசு சொல்லும் ‘குறைந்த விலை’

சாதாரண மனிதனுக்கு எட்டும் வீடு எது என்பதற்கு அரசாங்கமே ஓர் அளவு வைத்திருக்கிறது. 2019 ஏப்ரல் முதல், கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. அது ‘குறைந்த விலை வீடு’ ஆனால் 1 விழுக்காடு போதும். சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டர் கார்ப்பெட் ஏரியாவுக்கும், 45 இலட்சம் ரூபாய் விலைக்கும் மேற்படாதது குறைந்த விலை வீடு. 60 சதுர மீட்டர் என்பது 646 சதுர அடி.

சரி, அந்த 45 இலட்சத்தையே எடுத்துக் கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 இலட்சத்துக்கு மேல் 75 இலட்சம் வரை கடன் வாங்கினால் வீட்டு விலையில் 80 விழுக்காடுதான் வங்கி தரும். ஆகவே கடன் 36 இலட்சம், கைப்பணம் 9 இலட்சம். பத்திரச் செலவு தனி. 2023 டிசம்பர் முதல் 50 இலட்சம் வரையுள்ள புதிய அடுக்குமாடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 4 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் என்று குறைத்தார்கள். அந்த 6 விழுக்காடு 2,70,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 45,000. ஆக மொத்தம் 12,15,000 ரூபாய் கையிலிருந்து போட்டால்தான் வங்கி மீதியைத் தரும். மாதம் 10,000 ரூபாய் சேர்த்து வைத்தால் பத்தாண்டு ஆகும். பத்தாண்டும் வீட்டு விலை நமக்காகக் காத்துக் கொண்டிருக்குமா?

இனிக் கடன். வட்டி அவ்வப்போது மாறுகிறது. கணக்குக்காக ஆண்டுக்கு 9 விழுக்காடு, 20 ஆண்டு என்று கொள்கிறேன். மாத வட்டி முக்கால் விழுக்காடு. 1.0075 என்ற எண்ணை 240 முறை பெருக்கினால் 6.009 வரும். பெருக்குத் தொடர்ச் சூத்திரத்தில் இதை இட்டால், ஒரு இலட்சம் கடனுக்கு மாதத் தவணை 900 ரூபாய்க்கு 27 காசு குறைவு. 36 இலட்சத்துக்கு 32,390 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது கொடுத்த தொகை ஏறத்தாழ 77,74,000 ரூபாய். வாங்கியது 36 இலட்சம், வட்டி மட்டும் 41 இலட்சத்து 74 ஆயிரம்.

மற்றொரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. முதல் மாதம் கட்டும் 32,390 ரூபாயில் 27,000 வட்டிக்குப் போகிறது. அசலில் கழிவது 5,390 மட்டும். இப்படியே போய் 36 இலட்சம் 18 இலட்சமாகக் குறைய எத்தனை ஆண்டு ஆகும்? நான் இதை வகுப்புத் தோழியர் சிலரிடம் கேட்டேன். எல்லோரும் பத்து ஆண்டு என்றனர். மடக்கை அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டால் 168 மாதம், அதாவது 14 ஆண்டு! இருபதில் பதினான்கு ஆண்டு கட்டிய பிறகும் பாதிக் கடன் அப்படியே நிற்கிறது.

சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பதைத் தவணைக்குக் கொடுத்தால்தான் மிச்சத்தில் குடும்பம் நடத்தலாம். அந்தக் கணக்கில் இந்தக் ‘குறைந்த விலை’ வீட்டுக்கு மாதம் 81,000 ரூபாய் வருமானம் வேண்டும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய் ஆளுக்கு நாற்பதாயிரம் வாங்கினால் ஆயிற்று. ஒருவர் வேலை போனால்? ஒரு குழந்தை பிறந்து தாய் வேலையை விட்டால்? தவணை மட்டும் நிற்பதில்லை.

எங்கள் வீட்டுக் கணக்கு

அண்ணன் பார்த்து வைத்த வீடு கூடுவாஞ்சேரியில், கட்டி முடித்தது. 640 சதுர அடி, சதுர அடி 5,000 ரூபாய், மொத்தம் 32 இலட்சம். பத்திரச் செலவு 1,92,000. ஆக 33,92,000.

அண்ணன் சம்பளத்தில் நூற்றுக்கு நாற்பது 9,600 ரூபாய். அதற்குக் கிடைக்கும் கடன் 10,67,000. மீதி 23,25,000. எங்கள் ஊரில் சென்ட் 30,000 ரூபாய்க்குப் போகிறது. 60 சென்டும் விற்றால் 18 இலட்சம். அதாவது எங்களிடம் உள்ள நிலம் முழுவதையும் விற்ற பிறகும் 5,25,000 ரூபாய் துண்டு விழுகிறது. ஏரித் தண்ணீர் வரும் ஆண்டுகளில் அந்த நிலம் எங்களுக்கு ஓர் ஆண்டுச் சாப்பாட்டு நெல்லைக் கொடுக்கும். தண்ணீர் இல்லாத ஆண்டில் வேர்க்கடலை. அதை விற்று விட்டுக் கூடுவாஞ்சேரியில் மூன்றாவது மாடியில் நானூற்றுச் சொச்சம் சதுர அடிக்குள், இருபது ஆண்டுக் கடனோடு உட்காருவது.

2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் உண்டு. 35 இலட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு 25 இலட்சம் வரை கடன் வாங்கினால், 1,80,000 ரூபாய் வரை ஐந்து தவணையாகக் கிடைக்கும். உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் துண்டை அது மூடாது.

அப்பா பெயரில் கடன் கேட்கலாமே என்று சித்தப்பா சொன்னார். அப்பாவின் வருமானம் அண்ணனுடையதை விட மிகவும் குறைந்ததன்று. ஆனால் சம்பளச் சீட்டு இல்லை. இருபது ஆண்டு உழைத்ததற்கு ஒரு துண்டுத் தாள் அத்தாட்சி கிடையாது. நான் அப்பாவோடு ஒரு வங்கிக்குப் போனேன். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள்; வருமான வரிக் கணக்கு மூன்றாண்டுக்கு இருக்கிறதா என்று கேட்டார்கள். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது அப்பா அந்தக் கட்டடத்தின் வெளிப்பூச்சைத் தடவிப் பார்த்து, “பூச்சு ஒழுங்கா இல்ல” என்றார்.

இருபது ஆண்டில் தாம் வேலை செய்த வீடுகளை எண்ணிப் பார்த்தால் இருநூற்றுக்கு மேல் இருக்கும் என்கிறார். ஒன்பது மாடி, பத்து மாடி. வேலை நடக்கும் வரை அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். வேலை முடிந்து சாவி கொடுக்கும் வாரத்தில் முதலில் பிரிப்பது அந்தக் கொட்டகையைத்தான். பள்ளி விடுமுறையில் ஒரு முறை நானும் அம்மாவும் அங்கே போய்ப் பதினைந்து நாள் தங்கினோம். அப்போது ஒரு குளியலறையை அடியால் அளந்தேன். எங்கள் கொட்டகையில் பாதி இருந்தது.

வாடகை மேல் அல்லவா?

கணக்கு மட்டும் பார்த்தால் வாடகைதான் மேல். அந்த 32 இலட்சம் வீட்டுக்கு வாடகை மாதம் 9,000 ரூபாய். ஆண்டுக்கு 1,08,000. விலையில் இது மூன்றரை விழுக்காடு கூட இல்லை. கடனுக்கோ 9 விழுக்காடு வட்டி. பத்து ரூபாய்ப் பொருளை முப்பத்தைந்து காசுக்கு ஓராண்டு பயன்படுத்தத் தருகிறார்கள். அதை வாங்க வேண்டுமானால் ஆண்டுக்குத் தொண்ணூறு காசு வட்டி கட்ட வேண்டும். கணிதம் படித்தவள் எதைச் சொல்வேன்?

ஆனால் வாடகை வீட்டில் கணக்கில் வராத சில செலவுகள் உண்டு. அண்ணன் ஊரப்பாக்கத்தில் வீடு தேடியபோது வீட்டுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதன்று. எந்த ஊர், கறி சமைப்பீர்களா, உங்கள் ஆட்கள் யார் என்பவைதான். மூன்று வீட்டில் பதில் கேட்ட பிறகு, “நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டார் தம்பி” என்றார்களாம். நான்காவது வீட்டில் இடம் கிடைத்தது. பதினோரு மாதத்தில் வீட்டுக்காரரின் மகளுக்குத் தேவைப்பட்டது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதற்குப் பொருள் வட்டிக் கணக்கில் இல்லை.

தமிழ்நாட்டில் வாடகைக்கு ஒரு புதிய சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்பது சட்ட விரோதம். சென்னையில் பத்து மாத முன்பணம் என்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. ‘வேறு உடன்பாடு இல்லாவிட்டால்’ என்ற மூன்று சொற்களில் அந்த வழக்கம் இன்னும் குடியிருக்கிறது.

வாரியங்கள் செய்ததும் செய்யாததும்

ஏழைக்கும் நடுத்தர வகுப்பாருக்கும் வீடு கொடுக்க அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1961-இல் வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டது. அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் அதன் கைவண்ணம். குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு, உயர் வருவாய்ப் பிரிவு என்று பிரித்து ஒதுக்கினார்கள். அன்று அங்கே ஒதுக்கீடு பெற்ற எழுத்தரும் ஆசிரியரும் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் இன்று அதே அண்ணா நகரில் ஓர் எழுத்தரோ ஆசிரியரோ வீடு வாங்க முடியுமா? அரசு அந்த மனையை ஒரு முறை விற்று விட்டது. ஒரு தலைமுறை பயனடைந்தது, அடுத்த தலைமுறைக்கு அது சந்தைச் சரக்கு.

சிங்கப்பூரில் வேறு மாதிரி செய்தார்கள். 1960-இல் அங்கே வீட்டு வசதி வாரியம் தொடங்கியது. 1966-இல் நிலம் எடுப்புச் சட்டம் கொண்டு வந்து மண்ணை அரசே கையில் எடுத்துக் கொண்டது. வீட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குத்தான் கொடுக்கிறார்கள். தொழிலாளியின் சேம நிதியிலிருந்து வீட்டுத் தவணை கட்டலாம் என்று 1968-இல் வழி செய்தார்கள். அந்நாட்டு மக்களில் முக்கால் பங்குக்கு மேல் வாரிய வீடுகளில்தான் வசிக்கின்றனர். அங்கேயும் விலை ஏறி விட்டது என்ற முணுமுணுப்பு உண்டு. எனினும் மண் கைவிட்டுப் போகவில்லை என்பது பெரிய வேறுபாடு.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தோன்றியது. 2021 முதல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே பெரும்பாலும் மாடி வீடு கட்டினார்கள். 2000-க்குப் பிறகு கூவம், அடையாற்றுக் கரை மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போனார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கு மேல். வீடு ஏறத்தாழ இலவசம். ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த பெண்ணுக்கு விடியற்காலையில் பேருந்து ஏறினால்தான் வேலைக்குப் போக முடியும். பேருந்தில் கழியும் அந்த மூன்று மணி நேரத்தையும் வீட்டு விலையோடு கூட்ட வேண்டும்.

இவற்றுக்கு நடுவே எனக்கு மிகவும் பிடித்த திட்டம் ஒன்று உண்டு. 1977-இல் உலக வங்கிக் கடனுதவியோடு சென்னையில் ஒரு நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சிறு சிறு மனைகளாகப் பிரித்து, சாலையும் குழாயும் கழிவு நீர் வசதியும் செய்து கொடுத்தார்கள். வீட்டை அவரவரே, கையில் காசு வரும்போதெல்லாம் ஓர் அறை, ஒரு சுவர் என்று கட்டிக் கொள்ளலாம். ஏழைகள் வீடு கட்டும் முறையே அதுதான். எங்கள் ஊர் வீடும் அப்படித்தான் எழுந்தது. நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது சுவர், எட்டாம் வகுப்பில் கூரைத் தளம், பூச்சு இன்னும் பாக்கி. கொத்தனார் வீட்டுச் சுவருக்குப் பூச்சில்லை என்று ஊரார் கேலி செய்வது உண்டு.

இரண்டாவது கணக்கு

முதல் கணக்கைச் சொன்ன அன்று அப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப நான் கட்ற வூட்ட எல்லாம் யார்தான் வாங்குறாங்க?” என்று கேட்டார். வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருவரும் வேலை செய்யும் குடும்பங்கள், ஏற்கெனவே ஒரு வீடு வைத்திருந்து அடுத்ததை முதலீடாக வாங்குகிறவர்கள் என்று சொன்னேன். “குடியிருக்க வீடு இல்லாதவன் யாரும் இல்லையா அதுல?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அரும்பாக்கத்தைப் பற்றிப் படித்த பிறகுதான் இரண்டாவது கணக்குப் போட்டேன். அடுக்குமாடி வேண்டாம், மனையாக வாங்கினால்? அண்ணனின் தொழிற்சாலை மறைமலைநகரில் இருப்பதால் சென்னைக்குள் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. செங்கற்பட்டைத் தாண்டி உள்ளே போனால் சதுர அடி 1,500 ரூபாய்க்கு மனை இருப்பதாக அண்ணன் சொன்னார். 600 சதுர அடிக்கு 9 இலட்சம். மனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு, அதற்கு 81,000. அதில் 400 சதுர அடி வீடு. கொத்து வேலையும் பூச்சு வேலையும் அப்பாவே செய்தால் சாமானுக்குச் சதுர அடி 1,600 வீதம் 6,40,000. சித்தாள், கம்பி கட்டுகிறவர், ஆசாரி, மின்சார வேலைக்காரர் ஆகியோருக்கு ஒரு இலட்சம். வரைபட அனுமதி, மின் இணைப்பு ஆகியவற்றுக்கு 50,000. மொத்தம் 17,71,000.

அண்ணனுக்குக் கிடைக்கும் கடன் 10,67,000. நிலத்தில் 20 சென்ட் மட்டும் விற்றால் 6 இலட்சம். அண்ணன் சேர்த்து வைத்தது 1,20,000. கூட்டினால் 17,87,000. பதினாறாயிரம் மிச்சம்! காகிதத்தில் அந்த எண் வந்ததும் நான் இரண்டு முறை சரி பார்த்தேன். 40 சென்ட் அம்மாவுக்கு மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக் கொள்கிறேன். எல்லோருக்கும் கொத்தனார் அப்பா இருப்பதில்லை. எல்லோருடைய வேலையும் தென் கோடியில் இருப்பதில்லை. மேலும் இது சென்னையில் வீடு ஆகாது. செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு கிராமத்து வீடு. சாதாரண மனிதனுக்குச் சென்னையில் வீடு எட்டுமா என்ற கேள்விக்கு நான் கண்ட விடை, எட்டவில்லை என்பதுதான். எட்டும் இடம் ஒன்றைத் தேடிப் போனபோது சென்னை முடிந்து போயிருந்தது.

மனை வாங்குவதிலும் கண்ணி உண்டு. அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தடை விதித்தது. 2017-இல் அவற்றை வரன்முறைப் படுத்த அரசு ஒரு திட்டம் கொண்டு வந்தது. இந்தக் குழப்பத்தில் பணத்தைப் போட்டு விட்டு நின்றவர்கள் ஏராளம். எனவே அங்கீகார எண், பட்டா, முப்பதாண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி அண்ணனுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிராம வரைபடத்தில் அந்தச் சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் ஏரியோ ஓடையோ இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்பாவோ தாளை நம்புகிறவர் அல்லர். “மழையில போய்ப் பாக்கணும்” என்கிறார். ஐப்பசி அடைமழை பெய்து ஒரு வாரம் கழித்து, அண்ணனும் அப்பாவும் அந்த மனையில் போய் நின்று, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்து வருவதாக ஏற்பாடு. பெண் வீட்டாரிடம் கார்த்திகை வரை தவணை கேட்டிருக்கிறோம்.